மணல்மேட்டில் பலகைச் சறுக்கு: முதுகுப்பையோடு பாலைவனம் போகிறவர்களுக்கு

40 மீட்டர் உயர மணல்மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கி இறங்க 12 முதல் 15 விநாடி போதும். அதே மேட்டில் பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏற 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். சில சுற்றுலாத் தலங்களில் மணல் ஜீப் உச்சிவரை கொண்டுபோய் விடும். மற்ற இடங்களில் உங்கள் கால்தான் லிஃப்ட். எட்டுத் தடவை ஏறினால் மொத்தம் 320 மீட்டர், அதுவும் காலை வைத்த இடத்திலிருந்து பாதி தூரம் பின்னால் சரிகிற மணலில். ஆகவே ஒரு காலையில் எத்தனை முறை சறுக்கலாம் என்பதை வெயிலும் தண்ணீரும் தொடை வலியும்தான் முடிவுசெய்யும். திட்டத்தை ஏற்றத்தை வைத்துப் போடுங்கள். இறங்குவதற்குக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

பலகை: வாடகையா, சொந்தமா?

பல ஊர்கள் சுற்றும் பயணத்தில் ஓரிரு நாள்தான் சறுக்கப் போகிறீர்கள் என்றால் வாடகைக்கே எடுங்கள். நின்று சறுக்கும் பலகை 100 முதல் 150 செ.மீ. நீளம், எடை ஏறக்குறைய 3 கிலோ. அதைப் பேருந்திலும் விமானத்திலும் கட்டி இழுப்பது வீண் சிரமம். பெரு நாட்டின் ஹுவாக்காச்சினா, நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட், எகிப்தின் சிவா போன்ற இடங்களில் பலகை எளிதாகக் கிடைக்கும். அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வெளியே உள்ள கடைகளிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

பனிச்சறுக்குப் பலகை கையில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அதன் அடிப்பாகம் மென்மையான பிளாஸ்டிக். மணல் அதைக் கீறிச் சொரசொரப்பாக்கிவிடும், அதற்குப் பிறகு பனியிலும் அது சரியாக ஓடாது. ஓரத்தில் உள்ள உலோக விளிம்பு மணலில் ஆழமாக வெட்டி உங்களைக் கவிழ்க்கும். மணல் பலகையின் அடியில் சன்மைக்கா, ஃபார்மிகா ரகத்தில் கடினமான வழுவழுப்புத் தகடு ஒட்டியிருக்கும். உலோக விளிம்பு இருக்காது. பனியில் விளையாடும் பிளாஸ்டிக் தட்டும் காய்ந்த மணலில் நகராது. இதற்கு ஒரு விதிவிலக்கு நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ். அங்கே மணல் முழுக்க ஜிப்சம், மெழுகு தேய்த்த பிளாஸ்டிக் தட்டிலேயே எல்லோரும் சறுக்குகிறார்கள். வெயிலிலும் அந்த வெள்ளை மணல் அவ்வளவாகச் சுடாது.

படுத்துச் சறுக்க மெல்லிய ஹார்டுபோர்டு அட்டை போதும். ஸ்வாகோப்முண்டில் இதுதான் வழக்கம்: முன்பக்கத்தை இரண்டு கையாலும் மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்து இறங்குவார்கள். செங்குத்தான நீண்ட மேடுகளில் வேகம் மணிக்கு 80 கி.மீ.யைத் தொடும். எளிது என்று நினைத்துவிடாதீர்கள். நிற்பதைவிடப் படுத்துப் போவதே வேகம் அதிகம்.

வாடகைப் பலகையைப் பணம் கொடுக்கும் முன்பே திருப்பிப் பாருங்கள். அடிப்பாகத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் வேறு கேளுங்கள். பலகையின் மூக்கில், அதாவது முன்நுனியில், தகடு பிரிந்து வாயைப் பிளந்திருந்தால் அதற்குள் மணல் ஏறும், பலகை நடுவழியில் நிற்கும். கால் பட்டைகளைத் தாங்கும் திருகாணிகளை ஆட்டிப் பாருங்கள். நீங்கள் போடப்போகும் காலணியோடு பட்டைக்குள் காலை விட்டு, இறுக்கி, அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும். மெழுகும் ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள். படுத்துச் சறுக்கும்போது முன்னால் போவது தலை, அதனால் ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம்.

சொந்தப் பலகையோடு நடக்கிறவர்கள் அதை முதுகுப்பையின் வெளியே செங்குத்தாக, வழுவழுப்புப் பக்கம் பையைப் பார்த்திருக்குமாறு கட்டுங்கள். இரண்டு இடத்தில் இறுக்க வேண்டும். குறுக்காகக் கட்டினால் முகட்டில் அடிக்கும் காற்று அதைப் பாய்மரமாக்கி உங்களைத் தள்ளும்.

எந்த மேடு, எந்தப் பக்கம்

காற்று அடிக்கும் பக்கம் சரிவு குறைவு, 10 முதல் 15 பாகை இருக்கும். மணல் இறுகி, மேலே அலை அலையாக வரி ஓடியிருக்கும். இது ஏறுவதற்கான பக்கம். முகட்டைத் தாண்டினால் மறைவுப் பக்கம். காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் தானாகச் சரிந்து நிற்கும் கோணம் அங்கே இருக்கும்; காய்ந்த மணலுக்கு அது 30 முதல் 34 பாகை. வரி இல்லாமல் வழவழவென்று கிடக்கும் இந்தப் பக்கத்தில்தான் சறுக்க வேண்டும்.

சரிவு 20 பாகைக்குக் கீழே இருந்தால் எவ்வளவு மெழுகு போட்டாலும் பலகை அடம்பிடிக்கும். கண்ணால் கோணம் கணிப்பது கடினம், மேலிருந்து பார்த்தால் எல்லாமே செங்குத்தாகத் தெரியும். பலகையைச் சரிவில் கிடத்தி, செல்போனை ஜிப் கவரில் போட்டு அதன்மேல் வைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பில் பாகையைப் படியுங்கள். முதல் நாளுக்கு 25 முதல் 30 பாகை, 15 முதல் 20 மீட்டர் உயரம் போதுமானது. பெருவில் நாஸ்கா அருகே உள்ள செர்ரோ பிளாங்கோவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். அதை ஏறவே பல மணிநேரம் ஆகும். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

சரிவைவிட முக்கியம் அதன் அடி. மேடு முடிந்து தரை தொடங்கும் இடம் மெதுவாக வளைந்து சமமாக வேண்டும், அதன் பிறகும் 30 மீட்டராவது வெற்று மணல் இருக்க வேண்டும். சட்டென்று முறிந்து தட்டையாகும் இடத்தில் பலகையின் மூக்கு குத்தும், உட்கார்ந்து வருகிறவருக்கு முதுகெலும்பில் அடி விழும். புதர், கல், பழைய மரக்கட்டை, வாகனத் தடம் எதுவும் பாதையில் இருக்கக் கூடாது. முதல் ஏற்றத்தின்போதே அடிவாரத்தை நடந்து பார்த்துவிடுங்கள். மணல் ஜீப் ஓடும் பகுதியென்றால் ஒருவர் முகட்டில் நின்று இரு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகே அடுத்தவர் இறங்கலாம். ஓட்டுநருக்கு முகட்டின் மறுபக்கம் தெரியாது.

செடி முளைத்திருக்கும் மேட்டை விட்டுவிடுங்கள். சறுக்குவதற்குத் தடை உள்ள மேடுகளும் உண்டு: கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உள்ள யுரேகா மேடுகளில் அரிய தாவரங்களைக் காக்க மணல் சறுக்கே கூடாது என்று விதி. எந்தப் பூங்காவிலும் நுழைவாயிலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நேரம், வெயில், தண்ணீர்

கோடைப் பிற்பகலில் மணலின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். காற்றின் வெப்பம் 35 என்று ஆப் காட்டினாலும் காலடியில் இருப்பது வேறு. புறங்கையை மணலில் 5 விநாடி வையுங்கள். வைக்க முடியவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான். விழும்போது உடம்பு முழுக்க அந்தச் சூட்டில்தான் விழும்.

ஆகவே பொழுது விடியும்போது மேட்டடியில் இருங்கள்; கோடையில் 9 மணி, மிஞ்சினால் 10 மணிக்கு மூட்டை கட்டுங்கள். தாழ்ந்த வெயிலில் நிழல் விழுவதால் சரிவின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் நிழலே இராது, எதிரே இருக்கும் குழி கண்ணில் படாது. கடலோரப் பாலைவனங்களில் மட்டும் கருக்கலில் அவசரப்பட வேண்டாம். நமீப் போன்ற இடங்களில் இரவுப் பனிமூட்டம் மேல்மணலை நனைத்திருக்கும். ஈர மணலில் பலகை ஒட்டும். வெயில் பட்டு ஒரு மணிநேரம் போனால் காய்ந்துவிடும். மழை பெய்திருந்தால் மேலே பொருக்குத் தட்டியிருக்கும். அது உடையும் வரை வேறு வேலை பாருங்கள்.

மாலை 4 மணிக்கு மேல் சறுக்குவதும் நல்லதுதான், ஆனால் இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பும் நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு மேட்டுக்கும் மறு மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நீங்கள் நடந்து வந்த தடத்தைக் காற்று அரைமணியில் அழித்துவிடும். கிளம்பும் முன்பே ஆஃப்லைன் வரைபடத்தில் முகாமைக் குறித்துவிட்டு, திசைகாட்டியில் அது எந்தப் பக்கம் என்றும் பார்த்து வையுங்கள். போன் சூட்டில் அணைந்துபோகும்.

தண்ணீர்: சறுக்கும் நேரத்துக்கு மட்டும் ஆளுக்கு மணிக்கு 1 லிட்டர். மூன்று மணிநேரக் காலைக்கு 3 லிட்டர் கூடவே இருக்க வேண்டும்; முகாமில் இருப்பது தனிக் கணக்கு. ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் நாலு வாய் குடியுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு என்று கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். உப்பு அளவு கூடக் கூடாது.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு மூன்றில் எது வந்தாலும் அத்தோடு நிறுத்தி, நிழலுக்குப் போய் இந்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் உளறினாலோ அது வெப்பத்தாக்கு. வியர்க்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். வியர்வை வழியும்போதும் அது வரும். துணியை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து விசிறிக்கொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

காற்று மணிக்கு 20 கி.மீ. தாண்டினால் மணல் தரையோடு ஓடத் தொடங்கும். முகட்டிலிருந்து புகை கிளம்புவதுபோல் தெரிந்தால் இறங்கிவிட வேண்டும். இடி கேட்டாலும் அதேதான்: சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் பலகையும்தான்.

உடுப்பு

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, இரண்டும் மெல்லிய துணி. மணலில் உரசினால் முழங்கைத் தோல் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி உரியும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய காகிள்ஸ் வேண்டும், சாதாரணக் கூலிங் கிளாஸில் மணல் புகும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடக் கழுத்துத் துணி ஒன்று, இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாடுவரை பல்லிடுக்கில் நறநறக்கும். காலுக்கு, உள்ளூர்ப் பலகையின் பட்டையைப் பொறுத்து, கணுக்கால் மூடிய காலணி அல்லது தடித்த இரட்டைச் சாக்ஸ். வெறுங்காலோடு ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் காலை 8 மணிக்கு மேல் வருத்தப்படுவார்கள். இரவு வெளியே கிடந்த காலணியைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், தேள் உள்ளே ஒதுங்கும்.

மெழுகு

முதல்முறை வருகிறவர்களில் பலகை ஓடவில்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அடிவாரத்திலேயே மெழுகைப் பூசிவிட்டு, 15 நிமிடம் வெயிலில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மெழுகு இளகி, வழியில் பட்ட மணலெல்லாம் அதில் ஒட்டி, உச்சிக்கு வரும்போது அடிப்பாகம் உப்புமா கிண்டிய சட்டியாக இருக்கும்.

மெழுகை உச்சியில், கிளம்பும் முன்புதான் பூச வேண்டும். பலகையைச் செங்குத்தாக மணலில் செருகி நிறுத்துங்கள். காய்ந்த துணியால் அடிப்பாகத்தைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் மெழுகுக்கு அடியில் மாட்டினாலும் அது கீறிக்கொண்டே வரும். மெழுகுக் கட்டியை மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். கால் நிற்கும் இரண்டு இடத்திலும் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கிலும் இரண்டு முறை கூடுதலாகத் தேய்க்கலாம், எடை விழுவது அங்கேதான். பிறகு வேறொரு சுத்தமான துணியால் பளபளப்பு வரும்வரை பரவலாகத் தேய்த்துவிடுங்கள். தடவல் மெல்லியதாக இருக்க வேண்டும். திட்டுத் திட்டாக நின்றால் அந்தத் திட்டே மணலைப் பிடித்துக்கொள்ளும். மணலுக்கென்று விற்கும் பாரஃபின் மெழுகு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சாதாரண வெள்ளை மெழுகுவத்தியே வேலை செய்யும்; ஹுவாக்காச்சினாவில் கையில் திணிப்பதே அதைத்தான். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. ஒவ்வொரு சறுக்குக்கும் முன்னால் பூசுங்கள், சோம்பல்பட்டால் இரண்டுக்கு ஒரு முறை.

இறங்குவது

முதல் இரண்டு சறுக்கு படுத்துப் போங்கள். சரிவு எப்படி ஓடுகிறது, அடிவாரத்தில் எவ்வளவு தூரம் தள்ளும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். நெஞ்சு பலகையின் நடுவுக்குச் சற்றுப் பின்னால். கைகள் முன்விளிம்பைப் பிடித்து மேலே இழுத்திருக்க, முழங்கையை உயர்த்திப் பலகைக்குள்ளேயே வையுங்கள். வெளியே நீட்டிய முழங்கைதான் முதலில் உரியும். கால்களை அகட்டி, பாதத்தின் முன்னுனியை மணலில் லேசாக உரசவிடுங்கள். அழுத்தினால் வேகம் குறையும். ஒரு காலை மட்டும் அழுத்தினால் அந்தப் பக்கம் சுழன்று கவிழ்வீர்கள், ஆகவே இரண்டும் சேர்ந்தே. வாயை மூடிக்கொள்ளுங்கள்; கத்த ஆசையாகத்தான் இருக்கும்.

நின்று சறுக்க, முகட்டில் உட்கார்ந்து பட்டைகளைக் கட்டுங்கள். கட்டும் முன் காலணியின் அடியையும் பட்டையின் பல்லையும் தட்டி மணலை உதிர்க்க வேண்டும். பலகை சரிவுக்குக் குறுக்காக இருக்கட்டும், அப்போது ஓடாது. எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, லேசாகக் குதித்து மூக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மணலில் புதைந்து கிடக்கும் விளிம்பை வெறுமனே திருகினால் வராது, எடையைத் தூக்கினால்தான் விடும்.

பனியில் சறுக்கியவர்கள் முன்காலில் சாயப் பழகியிருப்பார்கள். இங்கே அப்படிச் சாய்ந்தால் மூக்கு மணலுக்குள் போய் ஆள் அந்தரத்தில் பறப்பார். எடையில் பாதிக்கு மேல் பின்காலில் இருக்க வேண்டும், 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடுப்பை மட்டும் பின்னால் தள்ளி உட்கார்ந்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் வால் புதைந்து பலகை நிற்கும். பார்வை அடிவாரத்தில், கால்மாட்டில் அல்ல. முதல் சில முறை நேர்கோட்டில் மட்டும் போங்கள், அதுவும் மேட்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து. வேகம் குறைவு என்று திருப்பத் தோன்றும். வேகம் குறைவாக இருக்கும்போது திருப்பினால்தான் விளிம்பு மாட்டும். நல்ல வேகம் வந்த பிறகு, குதிகாலையோ விரல்நுனியையோ மெல்ல அழுத்தி அகலமான வளைவாக எடுங்கள். நிறுத்தவும் அதே வழிதான்: தட்டைப் பகுதியில் தானாக ஓய விடுவது, அல்லது ஒரு பக்கமாக நீண்டு வளைவது. சடாரென்று குறுக்கே போட்டால் பலகை நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்ததும் பின்னால் உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்ற வேண்டாம், மணிக்கட்டு முறிவது அப்படித்தான். முஷ்டியை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு உருள்வது பரவாயில்லை. விழுந்தவுடன் பாதையை விட்டு ஒதுங்குங்கள். மேலே நிற்பவர் பாதை காலியாகும்வரை கிளம்பக் கூடாது.

பாதி வழியில் பலகை நின்றால் மணலில் குதித்துத் தள்ளிப் பயனில்லை. இறங்கி அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று மணல் ஒட்டியிருந்தால் மெழுகு அதிகம். வறண்டு சொரசொரத்தால் மெழுகு போய்விட்டது. இரண்டும் இல்லையென்றால் மணலில் ஈரம், அல்லது ஏற்கெனவே பத்துப் பேர் உழுத பள்ளத்தில் இருக்கிறீர்கள். பத்தடி தள்ளிப் புது இடத்தில் முயலுங்கள்.

சில மேடுகளில் மணல் சரியும்போது தூரத்து விமானம் மாதிரி ஆழ்ந்த உறுமல் எழும். துகள்கள் ஒரே சீராக உருண்டு உரசுவதால் வரும் ஒலி அது. பயப்பட ஒன்றுமில்லை, மிகவும் காய்ந்த மணல் என்பதற்கு அடையாளம். மேட்டின் பக்கவாட்டில் குழியோ சுரங்கமோ தோண்டி நிழலுக்கு ஒதுங்குவதுதான் உண்மையான ஆபத்து. அது இடிந்து மூடினால் தோண்டி எடுக்க நேரம் இருக்காது.

ஏறுவது

நேராகச் சறுக்குப் பக்கத்தில் ஏறாதீர்கள். மூச்சும் போகும், பாதையும் கெடும். சுற்றிப் போய் முகட்டின் விளிம்பு வழியாக, காற்றுப் பக்கத்து இறுகிய மணலில், முன்னால் போனவரின் காலடித் தடத்திலேயே கால் வையுங்கள். பாதத்தைத் தட்டையாகப் பதிக்க வேண்டும், விரல்நுனியில் உந்தினால் மணல் பின்னால் ஓடும். பலகையை அக்குளில் இடுக்குவதைவிடக் கயிறு கட்டிப் பின்னால் இழுப்பது சுலபம், ஆனால் அப்போது கால் பட்டைப் பக்கம் கீழே இருக்கட்டும். மெழுகுப் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் மெழுகும் போய்விடும்.

பெரிய முதுகுப்பையை அடிவாரத்தில், சறுக்குப் பாதைக்கு வெளியே, பளிச்சென்ற துணியைக் கட்டி வையுங்கள். எல்லா ஜிப்பையும் மூடிவிட வேண்டும். பவர் பேங்கையும் கேமராவையும் துணியில் சுற்றிப் பையின் நடுவில் புதையுங்கள், வெளி அறையில் விட்டால் வெந்துவிடும். லென்ஸை மேட்டில் வைத்து மாற்றவே கூடாது. தண்ணீர், விசில், போன் மூன்றும் சிறு பையில் உடம்போடு இருக்க வேண்டும். பைதான் கீழே இருக்கிறதே என்று தண்ணீரையும் அதில் விட்டுப் போவது அடிக்கடி நடக்கிற தவறு.

முடித்த பிறகு

பலகையின் பழைய மெழுகைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள், மெழுகுச் சுரண்டலைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பட்டைக் கொக்கி இறுகிக்கொண்டால் காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த நாள் மணல் பசையாகி மொத்தமாக மாட்டிக்கொள்ளும். ஜிப்புகளுக்கும் இதே வைத்தியம். கண்ணில் மணல் போயிருந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக வடியவிடுங்கள். ஒரு மணிநேரத்துக்குப் பிறகும் உறுத்தினால் மருத்துவரிடம் போக வேண்டும். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள், மணலை இன்னும் உள்ளே தள்ளும். தலையைச் சாய்த்துக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து ஆட்டினாலே பெரும்பாலும் கொட்டிவிடும்.